சட்டையோடு ஒரு கோயில் படம்

பிள்ளைகளே, போன கிழமை தொலைக்காட்சியில் ஓர் அமெரிக்கத் தேர்தல் பேச்சு போனது. முடிவில் அந்த மனிதர் கடவுளைக் கூப்பிட்டதும், விருந்துக்கு வந்திருந்த அமெரிக்கா மாமா எரிச்சலோடு அதை நிறுத்திவிட்டார். அப்பப்பாவும் "நல்லது, நிப்பாட்டு" என்றார். விடிந்தால் சாமி கும்பிடுகிற அப்பப்பா எப்படிச் சாமி இல்லை என்பவர் பக்கம் நின்றார் என்று நீங்கள் இருவரும் என்னைப் பிடித்து உலுப்பினீர்கள். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்; சண்டை பிடிக்காமல் வாசியுங்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, கோடை விடுமுறைக்கு ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தால் ஒரே விவாதம்தான். என் அப்பா, அதுதான் உங்கள் அப்பப்பா, கடவுள் உண்டு என்பார், மாமா இல்லை என்பார், அம்மா சோறு ஆறுகிறது என்பார். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கோயிலுக்குள் போக, மாமா காருக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார். எனக்கு அவர் பெரிய வீரன்.

அந்த முறை ஒரு வெள்ளிக்கிழமை, கோட்டும் டையுமாக வந்து நின்று, "அத்தான், நானும் உள்ளுக்கு வாறன்" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காரில் போகும்போதுதான் காரணம் வெளியே வந்தது.

அமெரிக்காவில் அவருடைய ஊரில் நூலகத்தை மூடப் போகிறார்களாம். அதைத் தடுக்க நகரசபைத் தேர்தலில் நிற்கிறாராம். வீடு வீடாகப் போனால் நூலகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். எந்தத் தேவாலயத்துக்குப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார்களாம்.

"ஒண்டுக்கும் போறேல்லை எண்டன். முகம் மாறிப் போச்சு. சட்டம் தடுக்கேல்லை அத்தான், சனம்தான். எந்தச் சாமி எண்டாலும் பரவாயில்லையாம். ஒரு சாமியும் இல்லாதவனை மட்டும் நம்ப ஏலாதாம். விசர்க் கதை!"

பிரசாரத்துக்கு உதவும் பெண், மாமா கோட்டோடு கோயிலில் கும்பிடுவது போல ஒரு படம் கேட்டிருந்தாள். அங்கத்தைய கோயிலில் இவரைத் தெரியாதவர் இல்லை, வாசலிலேயே சிரிப்பார்களாம். அதனால் எங்கள் கோயில். அப்பா காரைக் கோயில் வாசலில் நிறுத்தினார்.

கோயில் என்றதும் கோபுரத்தை நினைக்காதீர்கள். கம்பனிகளுக்கு நடுவே ஒரு பழைய களஞ்சியம்தான் எங்கள் கோயில். உள்வாசலில் நிர்வாகத்து அண்ணை மறித்தார்.

"தம்பி, மேல்சட்டையைக் கழட்டுங்கோ. சட்டையோட உள்ளுக்கு விட ஏலாது."

"அண்ணை, ரெண்டு நிமிசம். ஒரேயொரு படம்."

"ரெண்டு நிமிசம் எண்டாலும் சாமி சாமிதானே."

மாமா கழற்றினார். திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு, தொந்தி முன்னால் தள்ளக் கைகூப்பி நின்றார். நான் படம் எடுத்தேன். கமராவின் சின்னத் திரையில் பார்த்ததும் அவர் நொந்துபோனார்.

"இதைக் காட்டினால் வோட்டு வராது மருமோன். குளிருக்குப் போர்வைதான் அனுப்புவாங்கள்."

திரும்பக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வெளிவாசலில் நின்றால், பக்கத்துக் கடையில் அடுக்கியிருந்த டயர்கள் முதுகுக்குப் பின்னால் தெரிந்தன. "படத்தில டயரும் விழுது மாமா" என்றேன். மற்றப் பக்கம் போனார். "இப்ப குப்பைத் தொட்டி." உள்ளே போனால் சட்டை கூடாது, வெளியே வந்தால் சாமி தெரியாது. மாமாவுக்கு வியர்த்து ஒழுகியது.

"அத்தான், நீங்களாவது அந்த அண்ணையோட ஒருக்காக் கதையுங்கோவன்!"

அப்பா கிட்ட வந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து, மாமாவின் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

"என்ன அத்தான் செய்யிறியள்?"

"இவ்வளவு காலமும் என்னோட சண்டை பிடிச்சனி. ஒரு நாளாவது பொய் சொன்னனியே? போய், சாமி இல்லை, ஆனால் நூலகம் வேணும் எண்டு சொல்லு."

"சொன்னால் தோத்துப் போவன்."

"தோத்துப் போ."

எனக்கு அப்பாவில் வந்த எரிச்சல்! மாமா ஒரு நாளாவது திருநீறு பூசமாட்டாரா என்று ஏங்கியவரே, பூசிய அன்று துடைத்துவிட்டாரே.

மாமா அங்கே போய் உள்ளதைச் சொன்னார். தோற்றார். குளிர் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் கோயிலுக்கு வெளிக்கிட்டு நிற்கும்போது, தொலைபேசியில் சொன்னார். நூலகத்தையும் மூடுகிறார்களாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "எனக்கு அங்க வோட்டு இருந்திருந்தால் உனக்குத்தான்ரா போட்டிருப்பன்" என்றார். அப்பாவுக்கு அப்போது ஜெர்மனியிலும் வாக்கு இருக்கவில்லை. ஒரு கையில் அருச்சனைத் தட்டு, வாக்கோ சாமி இல்லை என்றவருக்கு. இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

எல்லோரும் சப்பாத்துப் போடப் போனார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா பிடித்து வைத்துப் பூசிவிடும் திருநீறு என் நெற்றியில் இருந்தது. ஈரத் துவாயால் அதைத் துடைத்தேன். அது அம்மா பூசியது, என்னுடையதல்ல என்று பட்டது. பிறகு சாமியறைக்குப் போய், ஒருவரும் சொல்லாமல், நானே தொட்டுப் பூசிக்கொண்டேன்.