கறுப்புத் துணி போர்த்திய சிலுவை

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை. நமுனுகுல மலையடியில் பஸ் பழுதாகி நிற்கிறது. மழைக்கு ஒதுங்க, தேயிலைக்கு நடுவே இருக்கும் சின்ன அங்கிலிக்கன் கோயிலுக்குள் நுழைகிறேன். பெரிய வெள்ளியின் துக்கத்துக்குப் போர்த்திய கறுப்புத் துணி பீடத்துச் சிலுவையை இன்னும் மூடியிருக்கிறது. ஒரு பூ கூட இல்லை. ஞாயிறன்று பதுளையில் வெள்ளைப் பூக்களுக்கு நடுவே நின்று பாடிவிட்டு வந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணியை எடுக்க மறந்துவிட்டார்களா?

பெஞ்சு துடைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம், "ஈஸ்டர் வாழ்த்துகள் அக்கா" என்கிறேன். அவர் பதறிப்போய் நிமிர்கிறார்.

"சத்தமா சொல்லாதீங்க தம்பி. இங்க இன்னும் எழும்பல."

"யாரு?"

"ஆண்டவருதான். ஃபாதருக்குப் பாக்க ஏகப்பட்ட தோட்டத்துக் கோயில். பெரிய வெள்ளிக்கு இங்க வந்தாரு, ஈஸ்டருக்கு வேற தோட்டத்துக்குப் போயிட்டாரு. நமக்கு ஈஸ்டர் வாற ஞாயித்துக்கிழமைதான்."

"அதுவரைக்கும்?"

"கல்லறையிலதான் இருக்காரு. நோன்பு முடியல, நாங்க இன்னும் கறி மீன் தொடல."

"நான் ஞாயிறே கோழிக்கறி சாப்பிட்டுட்டேனே, அக்கா."

அவர் கொஞ்சம் யோசிக்கிறார். "அங்க எழும்பிட்டாருல்ல, குத்தமில்ல. இங்க சாப்பிட்டுறாதீங்க."

பதுளையில் வாங்கிய மீன் ரோல்ஸ் பைக்குள் மணக்கிறது. எந்த நாளில் நிற்கிறேன் என்றே தெரியாமல் பையை இறுக்கி மூடுகிறேன்.

வெளியே பஸ் ஹார்ன் அடிக்கிறது. வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறேன். அவர் கறுப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கி, சிலுவையின் அடியைத் துடைத்துக்கொண்டே மெல்லப் பேசுகிறார்:

"ஞாயித்துக்கிழமை ஃபாதர் வந்துருவாரு. கொஞ்சம் பொறுத்துக்குங்க ஆண்டவரே."