பஸ்ஸிலிருந்து பறந்த மக்காச்சோள நார்

அறிவியல் கண்காட்சியில் என் மேசை ஏன் காலி என்று கேட்டவர்கள் எல்லோரும் இந்த வகுப்புப் பலகையிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் நார் நீர்க்கடுப்புக்கு மருந்தாகுமா என்று ஆராய்கிறார்களாம். நூலகத்தில் படித்தேன். பத்து நாள் நிழலில் உலர்த்தி, மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு இன்று காலை கழுகுமலை முருகன் கோயில் நிறுத்தத்தில் பஸ் ஏறினேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, பிள்ளைக்கு மொட்டை போட்ட முடியா? முருகனுக்குக் குடுத்ததை யாராவது திரும்பக் கொண்டு போவாவளா?"

"முடி இல்ல சித்தி, சோளக்கதிர் நாரு. மருந்துக்கு."

"சாமி முடியில மருந்தா! கண்டக்டர் அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க!"

யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர், "நமக்கு எதுக்குத் தாயி வம்பு?" என்று பையை வாங்கி, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, ஜன்னல் வழியே உதறினார். பத்து நாள் உழைப்பு பருத்திக் காட்டில் பறந்தது. பையை மட்டும் மடித்துக் கொடுத்தார்.

கண்காட்சியில் நடுவர் என் விளக்க அட்டையைப் படித்துவிட்டு, "நார் எங்கே?" என்றார்.

"முருகனுக்குப் போய்விட்டது, ஐயா."

கண்காட்சி நாளையும் உண்டு. யார் வீட்டுக் காட்டிலாவது மக்காச்சோளம் நிற்கிறதா? கீழே எழுதுங்கள். இந்த முறை கதிரோடு பஸ் ஏறுகிறேன்.