மேல்தாள் இல்லாத பிரதி

கல்பாத்தியில் என் அம்மா கட்டிய நலங்குப் பாட்டுகள், கோயமுத்தூரில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் புஸ்தகமாயின. செலவைக் குறைக்க உள்ளே தலைப்புப் பக்கம் வைக்கவில்லை. அம்மாவின் பெயர், வருஷம், "முதற் பதிப்பு" என்ற வரி எல்லாம் ரோஸ் நிற மேல்தாளில்தான் இருந்தன. அதன் பின்புறம் அம்மாவின் கையொப்பம். அது இல்லாத பிரதி திருட்டுப் பிரதி என்ற எச்சரிக்கையும் உண்டு.

எங்களிடம் ஒரே பிரதி மிஞ்சியிருந்தது. அக்காவின் புருஷர் என்னைக் கேளாமல் அதை எடுத்துப்போய் காலிகோத் துணியில் பைண்டு போட்டுக் கொண்டுவந்தார். மேல்தாள் இருந்தால் பசை பிடிக்காது என்று எங்கள் ஊர் பைண்டர்கள் அதைக் கிழித்துவிட்டுத்தான் தைப்பார்கள்.

"மேல்தாள் எங்கே அத்திம்பேர்?"

"அந்த அழுக்குக் கடுதாசியா? கிழிச்சுப் போட்டிருப்பான். ஓரம் வெட்டி எத்தனை சுத்தமாப் பண்ணியிருக்கான் பாரு. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கிண்டு நிக்கறயே."

அவரை அடிக்காமல் விட்டது அக்காவுக்காக.

அதே மாதம் பாலக்காட்டுப் புஸ்தகக் கடைக்காரர் ஒருவர் அந்தப் பாட்டுகளைத் தம் பெயரில் வெளியிட்டார். அட்டையில் கூசாமல் "முதற் பதிப்பு" என்றே போட்டிருந்தார். எங்கள் பிரதியோடு கடைக்குப் போனேன். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சுக்கூடத்தின் இரட்டைக் கிளி முத்திரையைக் காட்டினேன். அவர் கடை திறப்பதற்கு முன்பே அந்த அச்சுக்கூடத்தை மூடியாயிற்று. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அவர் புஸ்தகத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"ஏனுங்க சாமி, கிளி ஊரெல்லாம் பறக்குது. அம்மா பேரு எங்கீங்க? வருஷம் எங்கீங்க? மொட்டைப் புஸ்தகத்தக் கொண்டாந்து என்னையத் திருடன்கறீங்களே."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கக்கூட முயலவில்லை.

தை மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். அம்மா நலங்குக்குப் பாடினாள். மணப்பெண்ணின் அத்தை அந்தப் புதுப் புஸ்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். கடைக்காரர் அச்சில் விட்டுவிட்ட ஓர் அடியை அம்மா பாடியதும் கை காட்டி நிறுத்தினாள்.

"தப்பாப் பாடறேளே மாமி. புஸ்தகத்திலே இந்த அடி கிடையாதே."



"அப்படியா? புஸ்தகத்தைப் பார்த்தே பாடுங்கோ" என்று அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வாசலில் அவள் பக்கத்தில் நின்றேன். உள்ளே எல்லோரும் சேர்ந்து ஓரடி குறைவாகவே பாடி முடித்தார்கள். ஒருவருக்கும் குறை தெரியவில்லை.