வீட்டில் எத்தனை பேர்

எங்கள் ஒரே மகன் கனடாவில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தான். எந்த நாட்டு வீடு எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் கலக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் படிப்பு. இதற்கெல்லாமா பட்டம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல். முடித்ததும் திரும்பி வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாடம்பாக்கத்தில் மாடி எடுத்ததே அவனுக்காகத்தான்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டையும் கணக்கில் சேர்க்கிறேன் என்று போன் செய்தான். கரண்ட் எத்தனை யூனிட், சிலிண்டர் எவ்வளவு நாள் வருகிறது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். யூனிட்டை நான் சொன்னேன். மற்றதை என் மனைவி சொன்னாள்.

அடுத்த வாரம் அவன் குரலில் ஒரே குதூகலம். அங்கே குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்க எரிவாயு எரிந்துகொண்டே இருக்குமாம். துணி காயவைக்கக்கூட மெஷினாம். நம் கரண்ட் நிலக்கரியில் வந்தாலும், தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் நாம் அவர்கள் பக்கத்திலேயே வரமாட்டோமாம். பாதிப் புண்ணியம் கரண்ட் கட்டைச் சேரும் என்றேன். சிரித்தான். அப்புறம்தான், அத்தை வந்து தங்கியிருக்கிறார்களா, மூன்று பேர் என்று அம்மா சொன்னாளே என்று கேட்டான்.

போனை என் மனைவி வாங்கிக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அத்தை எதுக்குடா? நீ, நான், அப்பா. மூணு பேர்தானே?"



அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ரேஷன் கார்டில் இன்னும் அவன் பெயர் இருந்தது. எங்கள் வழக்கத்தில் அதிலிருந்து பெயரை எடுப்பது கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் செத்தவர்களுக்கும்தான். உயிரோடு இருக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எண்ண எந்தத் தாய்க்கு வாய் வரும்?

"அம்மா, நான் இந்த ஊர்க் கணக்குல வந்துட்டேன்மா. ரெண்டு எடத்துல என்னை எண்ணக் கூடாது."

"சரிப்பா. ரெண்டுன்னே போட்டுக்கோ" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

இரண்டால் வகுத்தாலும் நம் வீடு குறைவுதான் என்று அவன் என்னைத் தேற்றப் பார்த்தான். படிப்பு முடிந்ததும் வருவாயா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கப் பயமாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். படிப்புக்காகத்தான் அப்படிச் சொல்கிறான், இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றேன்.

"அவன் போட்ட கணக்கு என்னைக்குங்க தப்பாயிருக்கு?" என்றாள்.