வலை எந்தப் பக்கம்

வேலிக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன், ஊருக்கு அவர் ஊமைக் கம்பி. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள் என்பதால் வந்த பெயர்.

இருவரும் சேர்ந்துதான் சரணாலயத்துக்கு வேலி போட்டார்கள். மான்களும் பன்றிகளும் நெடுஞ்சாலைக்கு வந்து லாரியில் அடிபட்டுச் சாகக்கூடாது என்பதற்கான வேலி. அக்கா காட்டுப் பக்கம் நிற்பாள். கம்பி வலையை விரித்துக்கொண்டே போய், மரக் கம்பங்களில் ஆணி அடிப்பாள். மாமா சாலைப் பக்கம் நின்று, கடைசிக் கம்பத்தில் நெம்புகோலை மாட்டி வலையை விறைப்பாக இழுப்பார். "இழுங்க, தூங்காதீங்க" என்று அவள் கத்துவது பாதிக் காட்டுக்குக் கேட்கும்.

அக்கா காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாளே மாமா வேலைக்குக் கிளம்பிவிட்டார். அழவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், போடாவிட்டால் கேட்கவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவளுடைய கையுறைகள் தொங்கின. அவற்றைத் தாண்டித் தண்ணீர் எடுப்பார், கண் அந்தப் பக்கம் போகாது. சொந்தக்காரர்கள் கல் நெஞ்சு என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்காவின் இடத்துக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார். நான் சுத்தியலை எடுத்தால் ஆணிக்கு ஆபத்தில்லை, என் கட்டைவிரலுக்குத்தான். அதனால் சுத்தியலை அவர் வாங்கிக்கொண்டார், நெம்புகோலை என்னிடம் தந்தார். மற்றபடி அவர் வழக்கம்போல் சாலைப் பக்கம், நான் அக்கா நின்ற காட்டுப் பக்கம். யாரும் கத்தவில்லை. அவர் தலையசைப்பார், நான் இழுப்பேன். வாரக்கணக்கில் அப்படியே போனது.

ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், புதிதாகப் போட்ட வலையில் ஒரு பகுதி சாலைப் பக்கம் சாய்ந்து கிடந்தது. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு தெறித்திருந்தன. சாலையோரத்தில் ஒரு மான் செத்துக் கிடந்தது. மாமா அதைப் பார்த்தார், பிறகு தன் சாப்பாட்டுத் தூக்கை நிழலில் வைத்தார்.

மேஸ்திரி வந்ததும் முதலில் கம்பத்தைத்தான் தடவிப் பார்த்தார். விலங்கு முட்டுவது உள்ளே, காட்டுப் பக்கமிருந்து. வலை உள்பக்கம் இருந்தால்தான் கம்பம் தாங்கும். வெளிப்பக்கம் அடித்தால் எல்லாப் பாரமும் ஆணி மேல் விழும். நாங்கள் அடித்தது முழுக்க வெளிப்பக்கம். நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரிந்த விஷயம் இது.

"இத்தனை வருஷமா போடுறீங்க. வலை எந்தப் பக்கம் வரும்னு தெரியாதா?" என்றார். அதிகாரிகள் பார்வையிட வருவதற்குள் பிரித்து மறுபடி போடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். வேலையும் போனால் இந்த மனிதர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எழுப்பவே முடியாது.

மாமா தெறித்துக் கிடந்த ஆணி ஒன்றைக் குனிந்து எடுத்தார்.

"தெரியும். ஆணி அடிக்கிறது அவதான். நான் இந்தப் பக்கம் நிப்பேன்" என்றார்.

மேஸ்திரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரித்தோம். பிரிப்பதற்கே அன்றைய பொழுது சரியாகப் போனது. மறுநாள் நான் சாலைப் பக்கம் வந்து நெம்புகோலை மாட்டினேன். மாமா உள்ளே போகவேண்டும். பிரித்துக் கிடந்த வலைக்கும் கம்பத்துக்கும் நடுவில், காலைத் தூக்கவே மறந்தவர் மாதிரி நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை, அந்தப் பக்கம் பார்க்காமல் நெம்புகோலையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகக் கடந்து போனார். முதல் கம்பத்தில் வலையை நிறுத்திப் பிடித்தபடி, கம்பிகளுக்கு நடுவே என்னையே பார்த்தார்.

"இங்க நின்னா எதிர்ல நீதான் தெரியுற" என்றார். "அவளுக்கு நான் தெரிஞ்சிருப்பேன். எத்தனை வருஷம்."

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆணியை வைத்தார், சுத்தியலை ஓங்கினார், அடிக்காமல் நிறுத்தினார். நான் தலையசைப்புக்காகக் காத்திருந்தேன். தலை அசையவில்லை.

"இழுடா," என்று கத்தினார், "தூங்காத."

இழுத்தேன்.