பழைய கம்பைலரில் ரோகிணி, புதுசில் மிருகசீரிஷம்

கம்ப்யூட்டர் சென்டரில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும்: எது ஓடினாலும் கம்ப்யூட்டருக்குப் பெருமை, எது ஓடாவிட்டாலும் நமக்குத் திட்டு. தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கொஞ்சத்தை உங்களோடு பங்கு போடுகிறேன்.

புதுசு வந்தது

முதலாளி சென்னையிலிருந்து புது லினக்ஸ் சிடி வாங்கி வந்தார். அதில் புது கம்பைலர், அதாவது நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற சமாச்சாரம். புதுசுக்கு ஆசாரம் அதிகம். பழசு கண்டுகொள்ளாமல் விட்டதையெல்லாம் பிழை, பிழை என்று கொட்டியது. பழசையும் தூக்காமல் தனி டைரக்டரியில் குடிவைத்தேன். எது வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். முதலாளி பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணமான மகனுக்கு வீட்டுக்குள்ளயே தனி அடுப்பு போட்டு வேறு வைப்போமே, அந்த மாதிரி வச்சிருக்கீகளாக்கும்."

சந்திரன் நின்ற இடம்

எங்கள் சென்டரில் ஒரு ஜோசியருக்காக ஜாதகப் புரோகிராம் வைத்திருந்தோம். பிறந்த நேரத்தைக் கொடுத்தால் நட்சத்திரமும் பொருத்தமும் அச்சாகி வரும். எங்கள் மாணவி உமையாளுக்கு வரன் வந்து, பொருத்தம் பார்க்க ஜோசியர் அவள் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சித்திரை. பழைய கம்பைலரில் தயாரித்து ஓட்டினால் பெண் ரோகிணி, பொருத்தம் அமோகம். புதுசில் தயாரித்து ஓட்டினால் மிருகசீரிஷம், ரஜ்ஜு தட்டுகிறது, கல்யாணமே கூடாது.

அவள் பிறந்தபோது சந்திரன் இரண்டு நட்சத்திரத்துக்கும் நடு எல்லையில் நின்றிருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கத்தை ஒவ்வொரு கம்பைலரும் ஒவ்வொரு விதமாக முடித்துவிட்டது. விளக்கி முடிப்பதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது. ஜோசியர் நிதானமாக வெற்றிலையை மடித்தார். "தம்பி, நாங்க பரம்பரையா தப்பாவும் சொல்லியிருக்கோம். ஒரே நேரத்துல ரெண்டா சொன்னதில்ல."

அப்பச்சியின் கட்சி

மறுநாள் உமையாளின் அப்பா, அவள் வாயில் அப்பச்சி, வந்தார். நட்சத்திரக் குழப்பம் அவர் காதுக்குப் போய்விட்டது. நான் வாயைத் திறக்குமுன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கல்யாணத்துக்குன்னு கானாடுகாத்தான் பூர்வீக வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆளு விட்டாச்சு. பழசுலயே அடிச்சுக் குடுங்க தம்பி, பழசுதான் அனுபவசாலி."

உமையாளின் கட்சி

அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் வகுப்புக்கு வந்த உமையாள் என் மேசைக்கு வந்துவிட்டாள். வகுப்பில் சந்தேகம்கூடக் கேட்காத பெண். "சார், புதுசுலயே அடிங்க. பொண்ணு பார்க்க வந்தவரு, படிப்பை நிறுத்தணும்னுதான் முதல்ல சொன்னாரு."

கம்பைலர் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ணலாம், இதற்கு எப்படி? இரண்டையும் அச்செடுத்து அவள் அப்பாவிடமே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்திரனுக்கே எங்கிட்டு நிக்கிறதுன்னு தெரியல. நீயே சொல்லு ஆத்தா" என்றார். அவள் இரண்டு தாளையும் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "எனக்கு வேணாம் அப்பச்சி."

ஆக, கேள்வி கடைசியில் கேட்க வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது, ஜோசியர்தான் ஒரே ஒரு கம்பைலர் இருக்கிற சென்டராகப் பார்த்துப் போய்விட்டார்.