பேய் வீட்டுக்குள் என் நாத்தனார்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெத்தது, ஐந்தாவது என் நாத்தனார். நான் நெல்லிக்குப்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவள் நாலு வயசுப் பிள்ளை, தாயில்லாதவள். என் கையால் சோறு தின்று வளர்ந்தாள். அவளைப் பற்றிப் பேச நான் யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

முப்பது வயசில் அவளுக்கு மனசு கலங்கிப்போனது. குழாயில் தண்ணீர் விழுந்தால் அதற்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்பாள். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளை வைத்துக்கொண்டு இருக்கப் பயமா இல்லையா என்று ஊரே என்னைக் கேட்டது. பயந்தது நாங்களா? அவள்தான் பயந்தாள். எங்களைப் பார்த்து, கதவுச் சத்தத்தைக் கேட்டு, தட்டில் போட்ட சோற்றைப் பார்த்து நடுங்கினாள். நான் ஒரு வாய் தின்று காட்டினால்தான் அவள் ஒரு வாய் தின்பாள். கடலூர் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல மெல்லத் தேறி, தையல் கடையில் ரவிக்கைக்கு ஊக்கு வைக்கப் போகும் அளவுக்கு வந்தாள்.

கடலூரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். பேத்திக்கு அப்போது பத்துப் பதினோரு வயசு. இரண்டு பேரையும் கூட்டிப் போனேன். ராட்டினம் சுற்றி, பெரிய அப்பளம் வாங்கித் தின்று, பேத்தி அடம் பிடித்ததால் பேய் வீட்டுக்குள் நுழைந்தோம். எலும்புக்கூடு ஆடியது, தலையில்லாத முண்டம் கை நீட்டியது. கத்திச் சிரித்துக்கொண்டே போனோம், நாத்தனாரும்தான். கடைசி அறையின் மேல் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. கிழிந்த வெள்ளை அங்கி, விரித்த தலை, காலில் சங்கிலியோடு ஒரு பெண் கத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள். பேத்தி என் முந்தானைக்குள் ஒளிந்தாள். நாத்தனார் மட்டும் ஓடவில்லை. கயிற்றைத் தாண்டிக் கிட்டே போனாள்.

"ஏம்மா, மாத்திரை போட்டியா? சாப்ட்டியா?"

அந்தப் பெண் கத்தியை இறக்கிவிட்டாள். "இன்னும் இல்லக்கா. கூட்டம் போனாத்தான் விடுவாங்க."

பின்னால் நின்ற ஒருத்தன், "ஜோடி சேந்துடுச்சுடா, இதையும் கட்டிப் போடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் நாத்தனார் மேலே எழுதியிருந்ததைப் படித்தாள்.

வெளியே வந்து பேய் வீட்டுக்காரனைப் பிடித்துக் கேட்டேன். இதெல்லாம் விளையாட்டு ஆயா, ஜனங்க பயந்தாத்தான் டிக்கெட் போவும் என்றான். "உங்க வூட்ல சக்கர வியாதிக்காரங்க இருந்தா அவுங்களக் கட்டிப்போட்டுக் காட்டேன் பாப்போம்" என்றேன். வரிசையை மறைக்காதே என்று கையை ஆட்டினான். அவன் கையை ஆட்டியது இன்னும் என் நெஞ்சில் எரிகிறது.

பஸ்ஸில் நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, என்னையும் இப்படித்தான் பாத்தாங்களா எல்லாரும்?"

அதோடு கடைக்குப் போவதை நிறுத்தினாள். மாத்திரை தின்றால் அந்த அறையில் கொண்டுபோய் அடைப்பார்கள் என்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். மறுபடியும் கட்டிலுக்கடி. மறுபடியும் நான் ஒரு வாய், அவள் ஒரு வாய். பேய் வீட்டுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான். அவளைத் தேற்றி எழுப்பி மறுபடி தையல் கடைக்கு அனுப்ப எங்களுக்கு அடுத்த பொங்கல் ஆகிவிட்டது.

இப்போது அதே பேத்தி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஹாஸ்டல் விழாவுக்குப் பேய் வீடு போடுகிறார்களாம். லீவுக்கு வந்தவள் செல்போனில் தன் வேஷத்தைக் காட்டினாள். வெள்ளை அங்கி, விரித்த தலை, சங்கிலி. சும்மா காமெடிதான் ஆயா என்கிறாள். படிக்காத கூட்டம் சிரித்ததையே என்னால் பொறுக்க முடியவில்லை. படித்த பிள்ளை, நாத்தனார் மடியில் தூங்கி வளர்ந்த பிள்ளை, நீயா?

விழாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறாய். உன் சின்ன ஆயா புடவையை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறாள். உன் வேஷத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதினேன், கோணலாக இருக்கும். இந்தா கண்ணு, அவ தையல் கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள எனக்கு முன்னாடி ஒக்காந்து சத்தமாப் படி. படிச்சிட்டு, அவளக் கூட்டிக்கிட்டு வரவா வேணாமான்னு நீயே சொல்லு.